சக்கரத்தடிப் பழம்

சனிக்கிழமை நெருப்பை அணைத்ததும் அந்தக் குட்டி ரயில் இஞ்சினின் முன்சக்கரத்தடியில் ஓர் எலுமிச்சம்பழம் வைப்பது கரி அள்ளிப் போடும் மாசிலாமணியின் வழக்கம். ஞாயிறு முழுக்க இஞ்சின் நகராது. திங்கட்கிழமைதான் பழத்தை நசுக்கிக்கொண்டு, சுரங்கத்து மண்ணைக் கொட்டப் பள்ளத்துக்குக் கிளம்பும். இந்தத் திங்கட்கிழமை குனிந்து பார்த்தவன் திகைத்துப்போனான். அவன் வைத்தது நன்றாகப் பழுத்த மஞ்சள் பழம். கிடந்ததோ பச்சைக்காய்.

“என்னடா, பழத்துக்குக் காவலா?” என்று வந்தார் டிரைவர் சுப்புராயலு. அந்தப் பழத்தைக் கேலி செய்யாமல் அவருக்குப் பொழுது விடியாது.

“நேத்து இஞ்சினை யாராச்சும் எடுத்தாங்களாண்ணே?”

“லீவு நாள்ல எவன் எடுப்பான்? சனிக்கிழமை ராத்திரி காணாமப் போன உன் தம்பி வந்துட்டானா?”

“இல்லண்ணே.”

“மேஸ்திரியைக் கை நீட்டி அடிச்சவன். பயந்து ஊருக்கு ஓடியிருப்பான்.”

ஓடுகிறவன் செருப்பையும் சட்டையையும் விட்டுவிட்டா ஓடுவான்? மாசிலாமணி அதைக் கேட்கவில்லை. அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் காயை எடுத்து மடியில் செருகிக்கொண்டான்.

“அண்ணே, பழத்தை எலி தூக்கிட்டுப் போயிடுச்சு. பழமில்லாம நான் வண்டி ஏற மாட்டேன்.”

“இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?” சிரித்துக்கொண்டே கோட்டுப் பையில் கைவிட்டார் சுப்புராயலு. வெளியே வந்த கையில் இன்னொரு பச்சைக்காய் இருந்தது. “இந்தா, வச்சுட்டு ஏறு.”

மாசிலாமணி வாங்கவில்லை.

“பழத்தை நம்பாதவரு பையில எதுக்குண்ணே காய்?”

சுப்புராயலுவின் விரல்கள் மெல்ல மூடிக்கொண்டன.