காலித் தலைப்புகள்

ஒரு கால்நடை மருத்துவரின் இணையப் பக்கத்தில், கடைசி வரியில் தொலைபேசி எண் குடியிருந்தது. அதற்கு மேலே நான்கு தலைப்புகள், உள்ளே ஓர் எழுத்துகூட இல்லாமல் நின்றன.

"யார் கண்ணுக்கும் தெரியமாட்டோம். எங்களால் யாருக்கு என்ன தொல்லை?" என்றன அவை.

ஒருநாள் பார்வையற்ற செண்பகவல்லி அந்தப் பக்கத்துக்கு வந்தாள். அவளுடைய ஆடு குட்டி போட முடியாமல் துடித்துக்கொண்டிருந்தது. அவளுக்குப் படித்துக் காட்டும் கைபேசிக் குரல், "தலைப்பு, காலி. தலைப்பு, காலி" என்று சொல்லிக்கொண்டே வந்தது.

"இங்கே ஒன்றுமே இல்லை போலிருக்கே" என்று அவள் பக்கத்தை மூடப் போனாள்.

எண் பதறிவிட்டது. "குரலே, அவர்களைத் தாண்டி இங்கே வா!" என்று கத்தியது. குரல் ஒரே தாவலில் வந்து எண்ணைப் படித்தது. செண்பகவல்லி அழைத்ததும் மருத்துவர் ஓடி வந்தார். தாயும் குட்டியும் பிழைத்தன.

எண் அன்றைக்கே, பக்கத்தைக் கட்டித் தரும் டெம்ப்ளேட்டிடம் நடந்ததைச் சொன்னது. டெம்ப்ளேட் நான்கு தலைப்புகளையும் வெளியே அனுப்பியது.

"இடத்தையாவது பிடித்து வைக்கிறோமே, அண்ணே" என்று அவை கெஞ்சின.

"உங்களுக்குள் எழுதச் சேதி வரட்டும், அதோடு சேர்ந்து வாருங்கள்" என்றது டெம்ப்ளேட்.