பூப்போட்ட உறை

பனியின் பிடி மெல்லத் தளர்ந்து, இளவேனில் தன் முதல் அடியை ஓசையின்றி எடுத்து வைத்திருந்தது. மொட்டைக் கிளைகள் நெடுநாள் நோன்பை முடித்துத் துளிர் அணிந்தன. படைத்தவன் எழுதிய பழைய ஏட்டை உயிர்கள் யாவும் மீண்டும் முதல் வரியிலிருந்து ஓதத் தொடங்கிய அந்தப் பருவத்தில், மூக்குக்கண்ணாடிக் கடையின் கண் பரிசோதகர் கைப்பேசியில் தம் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

“வேண்டாம்னா என்னடா அர்த்தம்? முப்பத்துநாலு வயசாச்சு. பன்னிரண்டு மணிக்குப் பொண்ணு வீட்டுல போன் பண்ணுவாங்க. நான் என்னன்னு சொல்றது?”

“பொண்ணு நல்ல பொண்ணுதான்க்கா…”

“அப்புறம்? மனசுல வேற யாராவது இருக்காளா? பேரு என்ன?”

“பேரு… இனிமேதான் தெரியணும்.”

அக்கா தலையில் அடித்துக்கொண்ட ஓசை இந்த முனைக்கே கேட்டது. “பன்னிரண்டு வரைக்கும் பாப்பேன். அப்புறம் நீயாச்சு, உன் பேரு தெரியாத ராணியாச்சு!”

பக்கத்தில் கண்ணாடி வில்லை தேய்த்துக்கொண்டிருந்த கடை ஊழியர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “சார், அந்த உறையை நம்பியா இதையெல்லாம் பேசறீங்க?”

உறையை நம்பித்தான். கடையின் பெயர்ப்பலகைக்கு நேர் கீழே பரிசோதகர் தம் மோட்டார் சைக்கிளை நிறுத்துவது வழக்கம். மாலையில் பார்த்தால் அதன் இரு கண்ணாடிகளிலும் கீறல்; பறவை எச்சம் வேறு. பத்து நாளுக்கு முன் ஒரு மாலை, இரண்டுக்கும் யாரோ உறை போட்டிருந்தார்கள். மஞ்சள் துணி, நீலப் பூக்கள், நெருக்கமான கைத்தையல், நாடாவில் ஓர் அழகிய முடிச்சு. அவர் அவற்றைப் பொக்கிஷம்போல் எடுத்துப் போனார். மறுநாள் புது உறை! அதையும் எடுத்துப் போனார். இன்றைக்கு அவர் மேசை இழுப்பறையில் ஒன்பது ஜோடி இருந்தன.

“ஒவ்வொரு தையலையும் பாருங்க. என் வண்டிக் கண்ணாடியில தூசு படக் கூடாதுன்னு ஒரு ஜீவன் கிடந்து தவிக்குது!”

“ஜீவன் யாருன்னு பாத்துட்டுத் தவிக்கலாமே, சார்.”

சென்ற மாதம் அக்கா அறிமுகம் செய்துவைத்த பெண்ணும் இப்படித்தான் வாயாடி. “ஊர்க் கண்ணையெல்லாம் நீங்க பாக்கறீங்க, உங்க கண்ணை யார் பாக்கறது?” என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. அதற்குள் உறை வந்து குறுக்கே நின்றுவிட்டது.

மணி பதினொன்றே முக்கால். இன்று எப்படியும் ஆளைப் பார்த்துவிடுவது என்று அவர் கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் பதுங்கி நின்றார். வெளியே குருவிகள் ஓயாமல் கூச்சலிட்டன. சற்று நேரத்தில் வண்டிக்கு மறுபுறம் யாரோ குனிவது தெரிந்தது. முகம் தெரியவில்லை, நீலப் பூத்துணியும் அதன் நாடாவைப் பதமாக முடியும் விரல்களும் மட்டுமே தெரிந்தன. அவர் பாய்ந்து போய்க் கதவைத் திறந்தார்.

“ஏங்க… கொஞ்சம் நிமிருங்களேன்.”

நிமிர்ந்தது ஒரு முறுக்கு மீசை. அதன் கீழே, பல்லிடுக்கில், நூல் கோத்த ஊசி.

கட்டடத்தின் காவலாளி! “வண்டிய அந்தப் பக்கம் நிறுத்துங்கன்னு எத்தனை தடவை சொல்றது?” என்று தினமும் காலையில் இடிபோல் முழங்குபவர்.

பரிசோதகர் மணியைப் பார்த்தார்; பன்னிரண்டு ஆகவில்லை. கைப்பேசியை எடுத்தார். “அக்கா! சம்மதம். சொல்லிடு. ஆமா, முழு மனசோடதான். என் கண்ணை இனிமே அவங்களே பாத்துக்கட்டும்னு சொல்லு.”

பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. “என் வண்டி மேல உங்களுக்கு ஏன் இவ்வளவு பாசம்?”

“உங்க வண்டி மேலயா?” காவலாளி ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டார். “நான் தைக்கத் தைக்க நீங்க தூக்கிட்டுப் போறீங்க. வீட்டுத் திரைச்சீலை மொத்தமும் போச்சு. சம்சாரம் என்னைக் குத்தவாளி மாதிரி பாக்கறா!”

“அப்ப எதுக்குத்தான் இது?”

இடிக்குரல் முதல் முறையாகத் தணிந்தது. “சத்தமாப் பேசாதீங்க. உங்க முதலாளி காதுல விழுந்தா ஏணி போட்டுக் கலைச்சிடுவார்.” அவர் விரல் பெயர்ப்பலகையைக் காட்டியது. எழுத்துகளின் இடுக்கில் வைக்கோல் நுனிகள் தொங்கின. உள்ளிருந்து மெல்லிய கீச்சொலிகள். “இந்த ஆண் குருவி இருக்கானே, உங்க வண்டிக் கண்ணாடியில தெரியற தன்னையே வேற ஒருத்தன்னு நினைச்சுக்கிட்டு, பொழுதன்னைக்கும் கொத்திக் கொத்திச் சண்டை போடறான். இல்லாத ஆளை இருக்கறதா நம்பிக் குடும்பத்தையே மறந்துட்டான், சார்! அங்க குஞ்சுங்க பசியில கத்துது. இதை மூடினாத்தான் ஐயாவுக்கு வீட்டு ஞாபகம் வருது.”

பரிசோதகர் கடைக் கதவின் கண்ணாடியில் தெரிந்த தம் உருவத்தைச் சற்று நேரம் பார்த்தார். பின்பு குனிந்து, மீதியிருந்த உறையைத் தாமே வாங்கி, இரண்டாவது கண்ணாடிக்கும் போட்டு, நாடாவைப் பதமாக முடிந்தார்.

கைப்பிடியில் காத்திருந்த குருவி திகைத்தது. தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தது, எதிரியைக் காணோம். பறந்து போனது, ஒரு புழுவைக் கவ்விவந்து பலகை இடுக்கில் நுழைந்தது.

காவலாளி தொப்பியைக் கழற்றி, எல்லா உயிர்க்கும் படியளப்பவனை நோக்கிக் கை குவித்தார்.

“ரெண்டு கூடும் நிறைஞ்சு இருக்கணும், சார்.”