முதல் மட்டத் தகவல்

“என் துறையை மூடப் போறாங்களா, இல்லையா? கட்டின பொண்டாட்டிகிட்ட இதுகூடக் கேக்கக் கூடாதா?” சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டபடி கேட்டார் தத்துவப் பேராசிரியர்.

மனைவி அதே பல்கலைக்கழகத்தில் தகவல் மேலாண்மைப் பிரிவின் தலைவி. கைப்பையைத் தேடிக்கொண்டே சொன்னாள்: “அது மேல்மட்டத் தகவல்ங்க. வீட்டுல பேசக் கூடாது.”

“புருஷன் எந்த மட்டம்?”

“மூணாவது. கேன்டீன்காரருக்கு ஒரு படி மேல. சந்தோஷமா?”

தகவல்தான் பல்கலைக்கழகத்தின் பெரிய சொத்து என்று வேலைக்கு வந்த புதிதில் அவள் முழங்கினாள். சொத்து என்றால் பூட்ட வேண்டாமா? பூட்டினாள். யார் எதைப் பார்க்கலாம் என்று ஆளுக்கொரு மட்டம் வகுத்தாள். அன்றிலிருந்து தங்கள் வகுப்பில் எத்தனை மாணவர்கள் என்று தெரிய வேண்டிய ஆசிரியர்கள் அவளுக்கு மனுப் போட்டார்கள். அவசரக்காரர்கள் வகுப்புக்கே போய்த் தலையை எண்ணினார்கள்.

இன்று செலவைக் குறைக்க, துணைவேந்தர் ஒரு துறைக்கு மூடுவிழா நடத்தப் போகிறார். எந்தத் துறை என்ன கிழித்தது என்ற விவரங்களைத் திரட்டிக் கொடுத்தவள் அவள்தான். தத்துவம் படிப்பவர்கள் மொத்தமும் ஒரு வேனில் அடங்கிவிடுவார்கள். முடிவு என்ன என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

“உங்க பிரிவு விவரத்தையும் கேட்டாங்களாமே. அனுப்பிட்டியா?”

“நல்லா இருக்கே! அது முதல் மட்டம். துணைவேந்தருக்கே நான் ரெண்டாவதுதான் குடுத்திருக்கேன்.”

கூட்ட அறையில் அவள் முன்வரிசையில் உட்கார்ந்தாள். கடைசி வரிசையில் கணவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. ஓர் ஆறுதல் வார்த்தை தயாராகத்தான் வைத்திருந்தாள். அறிவிப்புக்கு முன்னால் அதை வெளியிட விதியில் இடமில்லை.

துணைவேந்தர் தொண்டையைச் செருமினார்.

“தத்துவத்துல ஆள் கம்மிதான். ஆனா இருக்காங்கன்னு தெரியுது, படிக்கறாங்கன்னு தெரியுது. ஒரே ஒரு பிரிவு மட்டும் வருஷம் பூரா என்ன செஞ்சுதுன்னு எங்க தேடியும் தகவலே கிடைக்கலை. கேட்டாலும் தர மாட்டேங்கறாங்க. ஒண்ணும் செய்யலைன்னுதானே அர்த்தம்? அதைத்தான் மூடறோம்.”

அறை மொத்தமும் முன்வரிசையைப் பார்த்தது.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.