சீமைச் சந்தையில் முதல் நாள்

"ரயிலை விட்டு இறங்கியதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?" என்று இங்கிலீஷில் கேட்டார் மானேஜர் பென்டன் துரை.

நாற்பத்தைந்து வயதுக் குழந்தைவேலு, பாடம் ஒப்பிக்கும் பையனைப் போல அவருடைய மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ரங்கூனில் அந்த அரிசி ஆலையில் சரக்குப் பார்க்கும் குமாஸ்தா அவர். பதினெட்டு வருஷ சர்வீஸ்.

"பிளாட்பாரத்தில் எச்சில் துப்பாமல் வெளியே வர வேண்டும், துரை."

"பிறகு?"

"மணிக்கூண்டைப் பார்த்து நடந்தால் சந்தை வரும். யாரையும் முறைத்துப் பார்க்கக் கூடாது. பேரம் பேசக் கூடாது. மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது."

"டீக்கடையில்?"

"சாசரில் ஊற்றிக் குடிக்கக் கூடாது."

பின்னால் இருந்த குமாஸ்தாக்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். குழந்தைவேலுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மாதமாகத் தினமும் இதே கூத்துதான்.

சீமையில் ஏதோ ஒரு சந்தை ஊர். அங்கே மாட்டுக்கும் பன்றிக்கும் ரங்கூன் தவிடுதான் தீனி. போன சரக்கில் உமி கலந்திருக்கிறது என்று அந்த ஊர் வியாபாரிகள் கொதித்துப்போய்க் கடிதம் எழுதிவிட்டார்கள். ஒரு சிட்டிகை தவிட்டை விரலால் தேய்த்தே உமி எவ்வளவு என்று சொல்லக்கூடியவர் குழந்தைவேலு ஒருவர்தான். அவரைக் கூட்டிக்கொண்டு நேரில் போய்ச் சமாதானம் சொல்லிவிட்டு வரும்படி துரைக்குக் கம்பெனி உத்தரவு.

அது தன் ஊர்ப்பக்கம்தான் என்றார் துரை. எங்கள் ஊர்ச் சந்தை, எங்கள் ஊர் மழை, எங்கள் ஊர் மரியாதை என்று பத்து வருஷமாக அவர் பீற்றிக்கொள்ளாத நாளில்லை. மழையில்கூடவா மரியாதை உண்டு என்று கேட்க ஆலையில் யாருக்கும் தைரியம் கிடையாது. தமிழில் ஒரு வார்த்தை தெரியாத மனுஷன். கூலிகளைத் திட்டுவதற்குக்கூட அவருக்குக் குழந்தைவேலுவின் வாய் வேண்டும்.

சாக்கு மூட்டையை இறக்கிவைத்த கூலி கருப்பையா, "அண்ணே, இவரு ஊருக்குப் போயி எத்தன வருசமாச்சுன்னு கேளுங்க. பாடம் நடத்துறாரு பெருசா" என்று முணுமுணுத்தான்.

ஓடிக்கொண்டிருந்த துரையின் பேனா நின்றது. "என்ன சொல்கிறான்?"

"வெயில் அதிகம் என்கிறான், துரை."

துரை தலையை ஆட்டினார். பேனா மறுபடி ஓடக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"சரி. மாதா கோயிலுக்குள் போகும்போது?"

"தலைப்பாகையைக் கழற்ற வேண்டும்."

"கழற்றிக் காட்டு."

ஆபீஸில் சிரிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் பார்க்கத் தலைப்பாகையை இறக்குவதற்கு, வேட்டியையே அவிழ்த்துவிட்டு நிற்கலாம். "நாளைக்குக் கப்பல், துரை. மூட்டை கட்ட வேண்டும்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே வந்தார் குழந்தைவேலு.

வீட்டில் மனைவி சிவகாமசுந்தரியிடம் பொரிந்து தள்ளினார். "இன்னொரு தடவ சொன்னான்னா மூஞ்சியில காறித் துப்பிட்டு வந்துருவேன்!"

"துப்பிட்டு எங்க போறது? வேலையும் அவங்களது, வீடும் அவங்களது. வயசுக்கு வந்த பொண்ண வச்சுக்கிட்டு நடுத்தெருவுலயா நிக்கச் சொல்றீங்க? பல்லக் கடிச்சுக்கிட்டுப் போயிட்டு வாங்க."

பல்லைக் கடித்துக்கொண்டுதான் மறுநாள் காலை கப்பல்துறைக்கு வந்தார். மனைவி, மகள் தங்கமணி, மாலையோடு ஆலைக் கூலிகள் என்று ஒரே கூட்டம்.

துரையும் வந்தார். ராத்திரி தூங்காதவர் மாதிரி முகம் வெளுத்திருந்தது. வந்ததும் வராததுமாக எரிந்து விழுந்தார்.

"நேற்று நீ செய்து காட்டவில்லை. உன்னால் அங்கே என் மானம் போகக் கூடாது. இப்போதே கழற்று."

குழந்தைவேலு அசையவில்லை. துரை கைத்தடியை நீட்டி ஒரு தட்டுத் தட்டினார். தலைப்பாகை துறைப் பலகையில் விழுந்து உருண்டது.

"அப்பா!" என்று கத்திவிட்டாள் தங்கமணி.

குனிந்து எடுத்தார் குழந்தைவேலு. தூசியைத் தட்டினார். மறுபடி கட்டிக்கொண்டார். அவர் படித்த இங்கிலீஷ் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. வாயில் வந்ததெல்லாம் தமிழ்தான்.

"யோவ்! தவிட்டுக்கும் உமிக்கும் வித்தியாசம் தெரியாத பய நீ, எனக்கு மரியாத சொல்லித் தர்றியா? ஒன் சீமையும் வேணாம், ஒன் வேலையும் வேணாம். வீட்டுச் சாவிய இப்பவே வாங்கிக்க. ஒன் ஊருக்காரங்கிட்ட நீயே போயிப் பதில் சொல்லு. நான் வரல!"

சிவகாமசுந்தரி தலையில் கைவைத்துக்கொண்டாள். துரைக்கு இதை இங்கிலீஷில் எடுத்துச் சொல்ல அங்கே ஆளும் இல்லை. குழந்தைவேலு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தார். வேலை போய்விட்டது, வீடும் போய்விட்டது என்று தெரிந்தும், பதினெட்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவருக்கு நெஞ்சு லேசாக இருந்தது.

பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. ஒரு கை அவர் மணிக்கட்டைப் பற்றியது. திரும்பினால், துரை!

பக்கத்தில் வேறு வெள்ளைக்காரர் யாராவது நிற்கிறார்களா என்று துரை சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குழந்தைவேலுவின் காதோரம் குனிந்தார்.

"விட்டுட்டுப் போயிராதீங்கண்ணே... நான் பொறந்து வளந்ததெல்லாம் இந்த ரங்கூன்லதான், சீமைய நானும் பாத்ததில்ல!"