மாஸ்டர் கையில் ஓடும் எலி

ஜிம்முக்குள் வந்த சுண்டெலியை டம்பெல் அதட்டியது. “இது வீரர்கள் இடம். மாஸ்டர் கண்ணில் பட்டால் நசுக்கிடுவார், ஓடிப்போ!”

சுண்டெலி மீசையை நீவிக்கொண்டது. “இங்கே எல்லாரும் வேர்த்து விறுவிறுத்து வளர்க்கிறதே என்னைத்தான். மசில் என்கிற இங்கிலீஷ் வார்த்தைக்கு மூலம் லத்தீன். அங்கே அதற்கு அர்த்தம் குட்டி எலி. கையை மடக்கினால் தோலுக்கடியில் எலி ஓடுகிற மாதிரி இருக்காம்.”

“சும்மா அளக்காதே!”

“வேணும்னா அங்கே பார்.”

கண்ணாடி முன்னால் மாஸ்டர் வீரபாகு கையை மடக்கினார். தோலுக்கடியில் ஒன்று உருண்டு ஏறியது.

“சொந்தக்காரங்களைப் பார்த்துட்டு வர்றேன்” என்று சுண்டெலி மாஸ்டரிடம் ஓடியது.

“ஐயோ, எலி!” மாஸ்டர் அலறிக்கொண்டு பெஞ்சின்மேல் ஏறினார்.

சுண்டெலி திரும்பிப் பார்த்துக் கேட்டது: “கைக்கு ஒண்ணா ரெண்டு வளர்க்கிறவர், ஒத்தை ஆளா வந்த என்னைப் பார்த்து ஏன் பயப்படுறார்?”