ஆரஞ்சுத் தோல்

முதல் கவளத்தை வாயில் போட்ட மேனேஜர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். எதிரே இருந்த பருப்புக் கிண்ணத்தையே முறைத்துப் பார்த்தார்.

ஸ்டோர் கீப்பர் தான் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டார். சூப்பர்வைசர் நாற்காலி தனக்கா, அடுத்த செக்‌ஷன் ஜால்ராவுக்கா என்று நாளைக் காலையில் முடிவு செய்யப்போகிறவர் இவர். ஸ்டோர் கீப்பர் தலைகீழாக நின்றுதான் தன் வீட்டு விருந்துக்கே அவரிடம் சம்மதம் வாங்கியிருந்தார்.

வரும்போதே சகுனம் சரியில்லை. கதவைத் திறந்த ஸ்டோர் கீப்பரின் மனைவியைப் பார்த்ததும் மேனேஜரின் மனைவி கையிலிருந்த பழப்பையைத் தவறவிட்டார். படியில் உருண்ட ஆப்பிள்களை ஸ்டோர் கீப்பர்தான் தவழ்ந்து தவழ்ந்து பொறுக்கினார்.

"பருப்புல என்னம்மா போட்டிருக்கே?" என்றார் மேனேஜர்.

"ஆரஞ்சுத் தோல் சார். பொடியா நறுக்கி, வதக்கிப் போடுவேன்."

ஸ்டோர் கீப்பருக்குத் தூக்கிவாரிப் போட்டது. குப்பைக்குப் போகிற தோலையா பெரிய மனுஷருக்குப் பரிமாறுவாள்? சாப்பிடும்போது பேப்பரைத் தவிர எதையும் பார்த்தறியாத அவருக்கு, தினமும் தானும் அதைத்தான் சாப்பிடுகிறோம் என்பது தெரியாது.

"மன்னிச்சுக்குங்க சார், இவ சமையலே ஒரு தினுசு! ரெண்டே பேர் இருக்கற வீட்டுல பன்னெண்டு நாளைக்கு ஒரு கேஸ் சிலிண்டர். அப்படி என்னத்தைத்தான் சமைக்கிறாளோ!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. மேஜைக்கு அடியில் அவர் முழங்காலுக்குக் கீழே நச்சென்று ஓர் உதை விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால், மேனேஜரின் மனைவி முகமெல்லாம் வியர்த்து உட்கார்ந்திருந்தார்.

"நீ சும்மா இருய்யா" என்று மேனேஜர் இன்னொரு கவளம் போட்டுக்கொண்டார். "அச்சு அசல் எங்க வீட்டு ருசி!" என்றவர் தன் மனைவியிடம் திரும்பினார். "இந்த ஆரஞ்சுத் தோல் ரகசியம் உங்க அம்மா வழியில மட்டும்தான் இருக்குன்னு சொல்லுவியே, இங்க எப்படி வந்துச்சு?"

"ஐயோ, இது வேறங்க! உப்பு கூட, புளிப்பு கம்மி. போதும், வயித்துக்கு ஆகாது" என்று கிண்ணத்தைப் பிடுங்கினார் அவர் மனைவி. மேனேஜர் விடவில்லை. இழுத்த இழுப்பில் பாதிப் பருப்பு ஸ்டோர் கீப்பரின் புதுச் சட்டையில் கொட்டியது. கூடவே இன்னொரு உதை, அதே இடத்தில்.

போச்சு, நாற்காலி ஜால்ராவுக்குத்தான் என்று அவர் மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தார். தேறவில்லை. அழுகையாக வந்தது.

கோழி வறுவல் வந்தது. ஒரு துண்டைக் கடித்த மேனேஜர் கண்ணை மூடினார். "இதுவும் உன் கைமணமேதான்டி!" என்றார். இந்தத் தடவை குரலில் சந்தேகம் இருந்தது.

"தண்ணி தீந்துடுச்சு, கொண்டு வரேன்" என்று நிறைந்திருந்த ஜாடியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினார் மேனேஜரின் மனைவி. ஸ்டோர் கீப்பரின் மனைவியும் பின்னாலேயே போனாள்.

ஸ்டோர் கீப்பருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேடத்தின் காலில் விழுந்தாவது காரியத்தைச் சரிக்கட்டலாம் என்று, உதைபட்ட காலை இழுத்துக்கொண்டு போய்ச் சமையலறை வாசலில் நின்றார்.

உள்ளே மேடம்தான் இவர் மனைவியின் கையைப் பிடித்துக் கெஞ்சிக்கொண்டிருந்தார். "இன்னிக்கு ஒரு நாளாவது வேற மாதிரி சமைச்சிருக்கக் கூடாதா? அவருக்குத் தெரிஞ்சா என் மானமே போயிடும்!"

அவள் நிதானமாகக் கரண்டியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"பயப்படாதீங்கக்கா. நாளைக்கு இவர் சூப்பர்வைசர் ஆகட்டும், வழக்கம்போல பன்னெண்டு மணிக்கு உங்க பின்வாசலுக்குச் சாப்பாட்டுக் கேரியர் வந்துடும்."