தனியே விடக்கூடிய இனம்

நாய் வாங்க வந்தவள் சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடியும் பொமரேனியன் கூண்டின் முன்னால் வந்து நின்றாள்.

"அது வேணாங்க. குரைச்சே வீட்டை ரெண்டாக்கிடும். ஃப்ளாட்டா?" என்றாள் டெய்சி. தன் வீட்டு மாடியிலேயே சின்ன ஜாதி நாய்களை வளர்த்து விற்பவள். விற்பதைவிட விசாரிப்பதில்தான் ஆர்வம் அதிகம். பெண் கொடுக்கிற வீட்டில்கூட மாப்பிள்ளையை இவ்வளவு குடைய மாட்டார்கள்.

ஃப்ளாட்தான். மூன்றாவது மாடி.

பக் நாய் வெயில் தாங்காது என்றாள். டாஷ்ஹண்ட் கட்டிலில் ஏறி இறங்கினால் முதுகு போய்விடும்.

கட்டில் என்றதும் அதையும் விட்டுவிட்டாள். கட்டிலில்தானே அது இருக்க வேண்டும்.

மிஞ்சியது ஷிட்ஸு. வெள்ளையும் பழுப்புமாக ஒரு குட்டி. கையை நீட்டியதும் விரலைப் பிடித்து நக்கியது.

இந்த ஈரம்தான் அவளுக்கு வேண்டும். அப்பாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. இடது கையில்தான் உணர்ச்சி மிச்சமிருக்கிறது. பகலெல்லாம் அந்தக் கையை இப்படி ஒன்று நக்கிக்கொண்டு பக்கத்தில் கிடக்க வேண்டும்.

"பகல்ல வீட்ல யாரு?"

"அப்பா இருக்கார்."

டெய்சியின் முகம் மலர்ந்தது. வீட்டில் பெரியவர் இருந்தால் அது கொடுத்துவைத்த குட்டி என்றாள். காலையும் மாலையும் வாக்கிங் கூட்டிக்கொண்டு போகட்டும்.

"அவரால நடக்க முடியாதுங்க."

"பரவால்ல. குரல் குடுத்தா போதும், பக்கத்திலயே கெடக்கும்."

"பேச்சும் போயிடுச்சு."

டெய்சி குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க எப்ப வருவீங்க?"

"இருட்டிடும்."

"அப்ப குட்டி தனியாத்தாங்க இருக்கும்."

சண்டைக்குப் போயிருக்கலாம். எங்கப்பா ஆளில்லையா என்று கேட்டிருக்கலாம். பார்த்துக்கொள்ள வந்த பெண்களில் ஒருத்தியும் நிலைக்காததை, அண்ணன் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டதைச் சொல்லியிருக்கலாம். நாய் வாங்க வந்த இடத்தில் அதையெல்லாம் யார் கேட்பார்கள்?

தண்ணீரை எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போவேன் என்று மட்டும் சொன்னாள்.

"தட்டி விட்டுட்டா?"

போன வாரம் தட்டிவிட்டிருந்தார். நனைந்த படுக்கையில் எவ்வளவு நேரம் கிடந்தாரோ, அவளுக்குத் தெரியாது.

டெய்சி கெட்டவள் இல்லை. குட்டி கிடையாது என்பதைக்கூடத் தன்மையாகத்தான் சொன்னாள். வாயில்லா ஜீவன், பாவம் நம்மைச் சும்மா விடாது என்றாள். கொஞ்ச நேரம் தனியே விடுவதென்றால் பழக்கலாம், அதற்கு வழி உண்டு. நாம் உடுத்திய துணி ஒன்றைப் பக்கத்தில் போட வேண்டும். ரேடியோவை மெதுவாகப் பாட விட வேண்டும். கிளம்பும்போது சொல்லிக்கொள்ளக் கூடாது, சொன்னால்தான் ஏங்கும். பூட்டிவிட்டு வெளியே நின்று கேட்க வேண்டும். அழுதாலும் திரும்ப உள்ளே போகக் கூடாது. போனால் பழகாது.

மறுநாள் காலை அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டினாள். துணி மாற்றினாள். தண்ணீரைக் கைக்கு எட்டும்படி வைத்தாள்.

நேற்றுக் கட்டிய சேலையை மடித்துத் தலையணையோரம் வைத்தாள்.

ரேடியோவைப் போட்டாள்.

போயிட்டு வரேம்பா என்று தினமும் வாசலில் நின்று சொல்வாள். அந்த நேரத்துக்கு அவர் கண் வாசலுக்கு வந்துவிடும். இன்றும் வந்தது.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பூட்டினாள்.

எப்போதும் பூட்டிய கையோடு பஸ்ஸுக்கு ஓடிவிடுவாள். இன்று நின்றாள்.

ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. பேச்சு போனவரிடம் அப்படி ஒரு சத்தம் இருப்பது அவளுக்கு இத்தனை நாளும் தெரியாது.

சாவி இன்னும் கையில்தான் இருந்தது.

போனால் பழகாது என்றிருந்தாள் டெய்சி.